பொட்டு மதமில்லையாம்

ஆகஸ்ட் 18, திங்கள்

நாப்பத்தி நாலு வயசுல டயரி எழுதுறது எனக்கே சிரிப்பா இருக்கு. எல்லாம் என் தம்பி ஜெய்லானி படுத்துற பாடு. அவன் கோர்ட்டுல ஒரு வக்கீல்கிட்ட குமாஸ்தா. "என்ன நடந்தாலும் அன்னன்னிக்குத் தேதி போட்டு எழுதி வையிக்கா, பின்னாடி உதவும்"னான். மருந்துக் கம்பெனிக்காரர் குடுத்த டயரி ஒண்ணு ஏழு மாசமா அரிசி டின் மேல சும்மா கெடந்துச்சு. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில "சோர்வா? தினம் ஒன்று"ன்னு சத்து மாத்திரை விளம்பரம்.

நடந்ததைச் சொல்றேன். என் பேரு கைருன்னிசா. திண்டுக்கல்ல ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை லேப்ல பத்தொம்பது வருஷமா வேலை, அதுல ஏழு வருஷம் இன்சார்ஜ். லேப்பை ஆரம்பிச்ச பெரிய டாக்டர் காலமாகி ரெண்டு வருஷமாச்சு. அவர் மகன் பாதிப் பங்கைக் கோயம்புத்தூர்க்காரங்களுக்குக் குடுத்துட்டார். அவங்க அனுப்புன மேனேஜர்தான் முகுந்தன். சின்ன வயசு, மரியாதையான ஆளு, யாரா இருந்தாலும் மேடம், சார்தான். இன்னிக்குக் காலையில வெறும் வயித்துக்காரங்க கூட்டம் கொறஞ்சதும் பதினோரு பேரையும் கூப்பிட்டு ஒரு பேப்பரை வாசிச்சார். அக்டோபர் ஒண்ணாந்தேதியில இருந்து வேலை நேரத்துல மத அடையாளம் எதுவும் வெளிய தெரியக்கூடாது. விபூதிப் பட்டை, சிலுவை, சாமி மாலை, தொப்பி, முக்காடு. எல்லாருக்கும் ஒரே ரூல், யார் பக்கமும் சாயாத ரூல். நியூட்ரல்னு நாலு தடவை சொன்னார்.

பில் கவுண்டர்ல இருக்குற தமயந்திதான் கேட்டா. "சார், பொட்டு?"

"பொட்டு மதமில்லைங்க மேடம். அது கலாச்சாரம்."

"தாலிக்கயிறு?"

"அது உள்ள தானுங்க இருக்கும்."

அவ நிம்மதியா நெத்தியைத் தடவிக்கிட்டா. பதினோரு பேர்ல சிலுவை போடுற ஆளும் இல்ல, தொப்பி போடுற ஆளும் இல்ல. வாட்ச்மேன் விபூதி ஒம்பது மணிக்குள்ள வேர்வையில கரைஞ்சுரும். ஆக ரூல் பதினோரு பேருக்கு, மாட்டுன தலை ஒண்ணு, முக்காடு போட்ட என் தலை. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு சும்மாவா சொன்னாங்க.

மத்தியானம் சாப்பிடுறப்ப தமயந்தி என் கையைப் புடிச்சுக்கிட்டு, "நான் இருக்கேன்லடி, விட்டுருவேனா"ன்னா. பதினேழு வருஷமா ஒரே பெஞ்சுல உக்காந்து சாப்பிடுறோம். அவ சொன்னதும் பாதி பாரம் எறங்குச்சு.

ஆகஸ்ட் 20, புதன்

ஒண்ணும் நடக்கல. ரத்தத்தைச் சுத்திப் பிரிக்கிற சென்ட்ரிஃபியூஜ் மிஷின் ஒரு மாதிரி முனகுது. வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும்.

ஆகஸ்ட் 23, சனி

முகுந்தன் சார் ரூமுக்கு நானே போனேன். டீ வரவழைச்சார்.

"சார், பத்தொம்பது வருஷமா இந்தத் தலையோடதான் வேலை பார்க்கேன். யாராவது எங்கிட்ட ரத்தம் குடுக்க மாட்டேன்னு சொன்னாங்களா?"

"அய்யய்யோ, உங்களைச் சொல்லலைங்க மேடம். யாரையுமே சொல்லலை. அதானே நியூட்ரல்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டீயை அங்கயே வச்சுட்டேன். "சார், வருசா வருசம் இங்க ஆயுத பூஜை நடக்குது. நான் வேண்டாம்னு சொல்லியிருக்கேனா? முந்தின நாளே எல்லா மிஷினையும் துடைச்சு, சந்தனம் லென்ஸுல படக்கூடாதுன்னு எந்தெந்த எடத்துல பொட்டு வைக்கணுமோ அங்கல்லாம் சின்னதா பிளாஸ்திரி வெட்டி ஒட்டுறதே நான்தான். அது மேல தமயந்தி பொட்டு வைப்பா. மறுநாள் நான் உரிச்சு எடுத்துருவேன். மைக்ராஸ்கோப்புல ஒரு கறை பார்த்திருக்கீங்களா?"

அவர் சிரிச்சார். கேலியா இல்ல, நல்லாத்தான் சிரிச்சார். அப்பறம் சொன்னார், "இது புது ரூலே இல்லைங்க மேடம். நம்ம லேப்ல ஏற்கனவே எழுத்துல இருக்குதாம். பழைய ஃபைல்ல. தேடச் சொல்லியிருக்கேன்."

எந்த ஃபைலுன்னு நான் கேக்கல. வெளிய கூட்டம் நின்னுச்சு, வந்துட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. தமயந்தி வீட்டுல இருந்து கொழுக்கட்டை வந்துச்சு, எள்ளுப் பூரணம். எனக்குன்னு தனியா கொஞ்சம் வெல்லம் கூடப் போட்டிருந்தா.

போன்ல அவளே ஒரு யோசனை சொன்னா. எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் குடுக்கலாமாம். "நீ கேட்டா நல்லாருக்காது, நான் வாங்குறேன்"னா. இவுககிட்டச் சொன்னேன். இவுகன்னா என் வீட்டுக்காரர் சிக்கந்தர், ஃபேன் மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வச்சிருக்காக. "பரவாயில்லயே, பொட்டு வச்ச பொண்ணு நமக்காக அலையுது"ன்னாக. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

செப்டம்பர் 2, செவ்வாய்

லெட்டருக்கு இதுவரைக்கும் ஆறு கையெழுத்தாம். ரத்தம் எடுக்குற காசிமாயன் மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, "என்னை விட்டுருங்க"ன்னுட்டானாம். தமயந்தி சொன்னா.

கெடக்கான். அவனுக்கு எம்மேல என்ன கோபமோ.

செப்டம்பர் 5, வெள்ளி

மிலாது நபி. நெய்ச்சோறும் தால்ச்சாவும் ஆக்கி தமயந்திக்குத் தூக்குவாளியில குடுத்துவிட்டேன். சாயங்காலம் அவ வீட்டுக்காரர் தூக்கைக் கொண்டாந்து வாசல்லயே குடுத்துட்டுப் போயிட்டார். தொறந்தா, நல்லா வெளக்கி, காலியா இருந்துச்சு.

எங்களுக்குள்ள தூக்கு வெறுமனே திரும்புனதே கெடையாது. ஒண்ணுமில்லாட்டி ஒரு புடி சீனியாவது போட்டுத்தான் குடுப்போம். ஒரு தடவை வீட்டுல எதுவுமே இல்லைன்னு நாலு வெண்டைக்காய் போட்டுக் குடுத்தவ அவ. அவசரத்துல மறந்திருப்பா.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஜெய்லானி போன் பண்ணுனான். அந்தப் பழைய ஃபைல் காப்பி வக்கீலுக்கு வேணுமாம். "அது பெரிய டாக்டர் காலத்து ஃபைல், எங்க கெடக்கோ"ன்னுட்டேன்.

"உன் அலமாரியிலதானக்கா அதெல்லாம் இருக்கும்?"

"எம்புட்டோ கெடக்கு. ஒனக்கென்ன தெரியும்."

தமயந்திக்குப் பல்வலியாம், ரெண்டு நாளா கவுண்டர்லயே கஞ்சி குடிச்சுக்கிறா. நான் தனியா சாப்பிடுறேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

வேடசந்தூர்ல இருந்து ஒரு பொண்ணு, எட்டு மாசக் குழந்தையோட வந்துச்சு. புதுசா சேர்ந்த பிள்ளை ரெண்டு தடவை குத்தி நரம்பு கிடைக்கல. குழந்தை வீறிட்டு அழுகுது. அந்தப் பொண்ணு நெத்தி நெறைய குங்குமம், கண்ணுல தண்ணி. "இங்க ஒரு முக்காட்டு அக்கா இருப்பாகளே, மூத்ததுக்கும் அவுகதான எடுத்தாக, அவுக இல்லையா?"ன்னு கேட்டுச்சு.

நான் போனேன். குழந்தை கையைத் தேய்ச்சுச் சூடாக்கி, முக்காட்டு நுனியை அதுக்கு வெளையாடக் குடுத்தேன். அது துணியைப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கும்போதே எடுத்துட்டேன். ஒரே குத்து. முகுந்தன் சார் கண்ணாடிக்கு அங்கிட்டு நின்னு பார்த்தார். "சூப்பர் மேடம்"னார்.

இனி மனசு மாறுவார்னு தோணுது. தமயந்திகிட்டச் சொல்லலாம்னு போனா, அவ போன்ல இருந்தா. என்னைப் பார்த்ததும் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. பல்வலியோட போன் எதுக்கு.

செப்டம்பர் 16, செவ்வாய்

முகுந்தன் சார் கூப்பிட்டார். ஒரு வழி கண்டுபிடிச்சுட்டாராம், மூஞ்சியெல்லாம் சந்தோஷம்.

"மேடம், நீங்க பின்னாடி ரூமுக்குப் போயிருங்க. ஸ்லைடு பார்க்கிறது, ரிப்போர்ட் செக் பண்றது. சம்பளம் அதேதானுங்க. அங்க பொதுமக்கள் யாரும் வரமாட்டாங்க. அதனால நீங்க தலையை மூடிக்கலாம், பிரச்சனையே இல்லை."

"அப்ப முன்னாடி யாரு பார்ப்பா?"

"தமயந்தி மேடம் ஃப்ரண்ட் ஆபீஸ் இன்சார்ஜ்."

பின்னாடி ரூமுன்னா யூரின் சாம்பிள் வைக்கிற ரூமு. ஜன்னல் கிடையாது. தமயந்திகிட்டக் கேட்டேன். "எனக்கும் இப்பத்தான்டி சொன்னாங்க"ன்னா. ஆனா அவ மேசையில அவ பேரு போட்ட பலகை அடிச்சு வந்து கெடந்துச்சு. பேரு அடிக்க நாலு நாளாவது ஆகும்.

லெட்டர் குடுத்தாச்சான்னு கேட்டேன். "குடுத்தாச்சு, குடுத்தாச்சு"ன்னா.

செப்டம்பர் 18, வியாழன்

இன்னிக்கு எழுதித்தான் ஆகணும்.

நான் பின்னாடி போகமாட்டேன், எதுக்குப் போகணும்னு முகுந்தன் சார்கிட்டச் சொன்னேன். அவர் ஒரு பச்சை ஃபைலை எடுத்து மேசை மேல வச்சுத் திருப்பிக் காட்டுனார். லேப்புல நடந்துக்க வேண்டிய முறைகள். மூணாவது விதி: "எந்த மதமாக இருந்தாலும், வேலை நேரத்தில் மத அடையாளம் எதுவும் வெளியே தெரியக் கூடாது."

"இது உங்க கையெழுத்துதானுங்களே மேடம்?"

என் கையெழுத்துதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி, கார்த்திகை மாசம். காசிமாயன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். தாடி, கறுப்பு வேட்டி, கழுத்துல மூணு மாலை. ஊசி போடக் குனிஞ்சா மாலை தொங்கும். ஒரு நாள் அது டியூப் ஸ்டாண்டுல மாட்டி, பதினாலு பேரு சாம்பிள் கீழ கொட்டிப் போச்சு. அந்த நேரம் பார்த்து, தரச் சான்றிதழுக்கு எல்லா விதியையும் எழுதி வைக்கச் சொல்லியிருந்தார் பெரிய டாக்டர். நான் இன்சார்ஜ் ஆகி ஒரு வருஷம், கொஞ்சம் மெதப்புல இருந்தேன். "சாமி மாலை போடக்கூடாது"ன்னு எழுதப் போனேன். பக்கத்துல உக்காந்திருந்த தமயந்திதான் தடுத்தா. "ஏய், பாயம்மா எழுதிருச்சுன்னு பேசுவாங்கடி. எந்த மதமா இருந்தாலும்னு போடு. அவன் மனசும் நோகாது." எனக்கும் சரின்னு பட்டுச்சு. அவ சொல்லச் சொல்ல நான் எழுதுனேன்.

ஒரு மனுசன் மனசு நோகக்கூடாதுன்னு எழுதுனது. தொங்குறது எதுவும் வேண்டாம்னு எழுதியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். மாலைதான ஸ்டாண்டை இடிச்சுச்சு, மதமா இடிச்சுச்சு?

என் முக்காடு அன்னிக்கு எங்க ரெண்டு பேருக்குமே ஞாபகம் வரல. எனக்கு அது என் தலை. தமயந்திக்குப் பொட்டு அவ நெத்தி. காசிமாயனுக்கு மட்டும்தான் மதம். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டது நான்தான்.

ஆனா இது மட்டும் இல்ல. அந்த ஃபைல் என் அலமாரியில, அடித்தட்டுல, பழைய பேப்பருக்குக் கீழ இருந்துச்சு. எனக்குத் தெரியும். ஜெய்லானி கேட்டப்பவே தெரியும். அலமாரிக்கு ரெண்டு சாவி. ஒண்ணு எங்கிட்ட. இன்னொண்ணு தமயந்திகிட்ட.

செப்டம்பர் 19, வெள்ளி

பஸ் ஸ்டாப்புல காசிமாயன் நின்னான். நானே கேட்டேன். "ஏன் தம்பி, லெட்டர்ல கையெழுத்துப் போடமாட்டேன்னியாமே. எம்மேல கோபம்னா எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல."

அவன் முழிச்சான். "எந்த லெட்டருக்கா?"

"தமயந்தி கொண்டுவந்தாளே."

"எங்கிட்ட யாரும் எதையும் நீட்டலயேக்கா. மத்தவங்ககிட்டயும் எதுவும் வந்த மாதிரி தெரியலயே. வந்தா பேசியிருப்பாங்கள்ல."

ஆறு கையெழுத்துன்னு சொன்னாளே. எண்ணிச் சொன்னாளே.

"சரி, நீட்டியிருந்தா போட்டிருப்பியா?"

அவன் ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னான். "தெரியலக்கா. பொய் சொல்ல விரும்பல. அன்னிக்கு நீங்க சொன்னீங்கன்னு மாலையைச் சட்டைக்குள்ள போட்டு, கழுத்துப் பட்டனை மாட்டிக்கிட்டு மீதி நாளெல்லாம் வந்தேன். கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஆனா அன்னிக்குச் சாம்பிள் கொட்டுனது என் தப்புதான். நீங்க எதையும் கொட்டலையே. அதான் போடுறதா வேண்டாமான்னு யோசிச்சிருப்பேன்."

அவனுக்கு ஏதாவது சொல்லணும்னு நெனைச்சேன். அதுக்குள்ள பஸ் வந்துருச்சு.

செப்டம்பர் 20, சனி

கவுண்டர்ல ஆள் இல்லாத நேரம் பார்த்து தமயந்தி முன்னாடி போய் நின்னேன்.

"லெட்டர் எங்க?"

அவ கம்ப்யூட்டரையே பார்த்தா. "எழுதுனேன்டி. எழுதி வச்சேன். குடுக்க முடியல."

"ஆறு பேருன்னியே."

"நீ தெனமும் கேட்டியே, என்னத்தச் சொல்லச் சொல்ற?"

"அதுக்குக் காசிமாயன் பேரைக் கெடுக்கணுமா? அந்த ஃபைல்?"

அப்பத்தான் நிமிர்ந்தா. கண்ணு செவந்திருந்துச்சு. "பழைய ரூல் எங்கயாவது இருக்கான்னு மேனேஜர் கேட்டாரு. எடுத்துக் குடுக்குறது என் வேலை. பொய்யா சொன்னேன்? உன் கையெழுத்துதானே அது?"

"யாரு சொல்லி எழுதுனேன்?"

"அதை நான் மறுக்கலயே. ஆனா ஃபைல்ல அது இல்லையே." அப்பறம் கொரலைத் தணிச்சுக்கிட்டு, "கைரு, ஒரு துணிதானேடி. எட்டு மணி நேரம். வீட்டுக்குப் போய் போட்டுக்க. எனக்கும் இந்த வாய்ப்பு இனிமே வராது"ன்னா.

ஒரு துணி. என் மக செத்துப் பொறந்தப்ப, ஆஸ்பத்திரி வராந்தாவுல இந்தத் துணியாலதான் என் மூஞ்சியைத் துடைச்சுவிட்டா. அவதான். இதே தமயந்தி. முகுந்தன் யாரோ எவரோ, அவரு என்ன வேணா செய்யட்டும். கூட இருந்தே குழி பறிக்க இவளுக்கு எப்படி மனசு வந்துச்சு. நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டா. வீட்டுக்கு வந்து தூக்குவாளியைப் பார்த்ததும்தான் அழுகை வந்துச்சு. அது காலியா வந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாவாட்டுனேன். ஒட்டடை அடிச்சேன். யாரோடயும் பேசல.

செப்டம்பர் 26, வெள்ளி

இவுக சொன்னாக, "பின்னாடி ரூமுக்குப் போயிட்டாத்தான் என்ன கைரு? முக்காடும் இருக்கும், வேலையும் இருக்கும்."

உள்ள போய்க் கண்ணாடி முன்னாடி நின்னு முக்காட்டை எடுத்துப் பார்த்தேன். காதுக்கு மேல நல்லா நரைச்சிருக்கு. லேப்புல இருந்து வந்ததும் தெனமும் எடுக்குறதுதான், ஆனா இன்னிக்கு ரொம்ப நேரம் பார்த்தேன். யாரும் பாக்காத எடத்துல போட்டுக்கன்னு சொல்றார் அந்த மேனேஜர் தம்பி. யாரும் பாக்காத எடத்துல கழட்டுறதுதானே எனக்குத் தெரிஞ்ச பழக்கம். இதை யாருகிட்டப் போய் வெளக்கிச் சொல்றது.

வெளிய வந்து, "ஒளிச்சு வைக்கிறதுக்கு நான் என்ன களவாண்ட பொருளா"ன்னேன். இவுக கொஞ்ச நேரம் மோட்டார்ல கம்பி சுத்திக்கிட்டே இருந்தாக. அப்பறம், "சரி, விடு. ராஜினாமா எழுதிக் குடுத்துரு"ன்னாக.

ஜெய்லானி டயரியைக் கேட்டான், வக்கீல்கிட்டக் காட்டணுமாம். இந்த மாசம் பதினெட்டாந்தேதிப் பக்கத்தைக் கிழிச்சுட்டுக் குடுக்கலாமான்னு ஒரு யோசனை வந்துச்சு. கிழிக்கல. குடுக்கவும் இல்ல.

செப்டம்பர் 30, செவ்வாய்

கடைசி நாள். முகுந்தன் சார் ராஜினாமாவை வாங்கிக்கிட்டு உண்மையாவே வருத்தப்பட்டார். அப்பறம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், நாளைக்கு ஆயுத பூஜைங்க. போறதுக்கு முன்னாடி மிஷினெல்லாம் கொஞ்சம் துடைச்சு வச்சுட்டீங்கன்னா…"

நாளைக்கு அக்டோபர் ஒண்ணு. ரூல் ஆரம்பிக்கிற நாளு. இத்தனை பேரு பேப்பர் பேப்பரா எழுதுனாங்களே, ஒருத்தர் கண்ணுலயும் அது படல.

"பூஜை உண்டா சார்? நியூட்ரல்னு சொன்னீங்களே."

"அது மதமில்லைங்க மேடம். தொழிலுக்கு மரியாதை."

அவரு வேணும்னு சொல்லல. மனசார நம்பித்தான் சொல்றார். அதைப் பார்த்ததும் எனக்குச் சண்டை போடவே தெம்பு இல்லாமப் போச்சு.

மைக்ராஸ்கோப்பை மட்டும் துடைச்சேன், அது என் கண்ணு மாதிரி. பிளாஸ்திரி வெட்டல. அலமாரிச் சாவியைத் தமயந்தி மேசையில, அந்தப் பேருப் பலகைக்கு முன்னாடி வச்சேன். அவ பாத்ரூம்ல இருந்தா. நான் வெளிய போற வரைக்கும் வரல.

அக்டோபர் 1, புதன்

காலையில ஒம்பதரைக்குப் போன். தமயந்தி. எடுக்கக்கூடாதுன்னு நெனைச்சேன், கை எடுத்துருச்சு.

பின்னாடி மணிச் சத்தம், யாரோ தேங்காய் உடைக்கிற சத்தம். மன்னிப்புக் கேப்பாளோன்னு ஒரு நிமிஷம் நெனைச்சேன். அவ மெதுவா, "கைரு, பிளாஸ்திரி எங்கெங்கடி ஒட்டணும்? சந்தனத்தைக் கொழச்சுக் கையில வச்சுக்கிட்டு நிக்கேன். லென்ஸுல பட்டுச்சுன்னா தொலைஞ்சுது"ன்னா.

இதுக்குத்தான் கூப்பிட்டிருக்கா. இவ்வளவுக்கும் அப்பறம், இதுக்கு.

சொன்னேன். மைக்ராஸ்கோப்புக்கு அடிக்கட்டையில, வலது பக்கம். சென்ட்ரிஃபியூஜுக்கு மூடி மேல இல்ல, முன்பக்கம், பட்டனுக்குக் கீழ. ரத்த அணு எண்ணுற செல் கவுண்டருக்குக் காத்து வர்ற ஓட்டையை மறைக்காம, பக்கவாட்டுல. ஒவ்வொண்ணா. அவ "ம், ம்"னு கேட்டுக்கிட்டா.

முடிஞ்சதும் ஒரு தடவை அவளே திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கிட்டா. அப்பறம், "நீ இல்லாம கை ஓடலடி"ன்னா.

"அந்தப் பச்சை ஃபைலை எடு"ன்னேன்.

"எதுக்கு?"

"மூணாவது விதிக்குக் கீழ எடம் இருக்கு. நாலாவதா இதை எழுதிக்க. எந்த மிஷினுக்கு எங்க பொட்டுன்னு, நான் சொன்ன மாதிரியே. அடுத்த வருஷமும் மறக்காது."

அவ மூச்சு விடுறது கேட்டுச்சு.

"நான் சொல்லிட்டேன். நீ எழுது. இந்தத் தடவை உன் கையெழுத்துல."

அங்க மணிச் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான்தான் போனை வச்சேன்.